எங்கள் வீட்டுப் பெருந்தாய்

ஏப்ரல் 24, வியாழன்

நான் வழுக்கி விழுந்ததாக வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் வழுக்கவில்லை. குளியலறைத் தரைதான் வழுக்கியது. வழவழவென்று கல் பதிக்காதே என்று என் மகன் செந்தூர்பாண்டியிடம் அன்றைக்கே சொன்னேன். கேட்டானா? இப்போது மாவு மில் நடத்தினவள் காலில் மாவுக்கட்டு. தூத்துக்குடி முழுக்கச் சிரித்து முடித்திருக்கும்.

ஹாலில் வாசலைப் பார்த்துக் கட்டில் போட்டுக் கிடத்தியிருக்கிறார்கள். மில்லில் நின்றே பழகின உடம்பு. படுத்துக் கிடந்தால் நாக்கும் கையும் அரிக்கின்றன. நாக்கை நீட்டினால் மருமகள் தமயந்தி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். ஆகையால் கைக்கு வேலை கொடுக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் எழுத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மத்தியானம் கூரியர்காரன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். பேத்தி மிருதுளா பேருக்கு. பிரித்தேன். என் வீட்டுக்கு வருகிற பொட்டலத்தை நான் பிரிக்காமல் யார் பிரிப்பது? கறுப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம். ‘எட்டாம் கதவு, மூன்றாம் பாகம்’. பின்னால் ‘பதின்வயதினருக்கான அறிவியல் புனைகதை’ என்று போட்டிருந்தது. வயசுப் பிள்ளைகளுக்கான கதை என்று போட்டால் குறைந்தா போவார்கள்?

முதல் இரண்டு பாகமும் நீலமாகவும் சிவப்பாகவும் அவள் அலமாரியில் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில்கூட அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். கறுப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

சாயங்காலம் வந்து கேட்டாள். “ஆச்சி, கூரியர் வந்துச்சா?”

“வந்துச்சு. பீரோவுல இருக்கு.”

“குடுங்க.”

“ஜூன் ரெண்டாந்தேதி ஹாஸ்டலுக்குப் போறவளுக்குக் கதப் புத்தகம் எதுக்குட்டி?”

“நான் போறேன்னு எப்ப சொன்னேன்?”

“நீ என்னத்தச் சொல்ல? நான் சொல்லியாச்சு.”

“ரெண்டு வருசமா இந்த புக்குக்குக் காத்திருக்கேன் ஆச்சி.”

“டாக்டருக்குப் படிச்சு முடி. பொறவு படுத்துக்கிட்டே படி.”

அவள் அப்பனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

ஏப்ரல் 26, சனி

நாமக்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளை உள்ளேயே வைத்து ராத்திரி பகலாகப் படிக்கவைத்து டாக்டராக்கி அனுப்புகிறார்கள். சம்பந்தி சொர்ணக்கிளி மதினியின் மகன் வழிப் பேரன் அங்கே படித்துத்தான் டாக்டர் காலேஜுக்குப் போனான். மதினி நாசரேத்தில் டீச்சராக இருந்தவள். போனில் பேசும்போதெல்லாம் ‘எங்க டாக்டர் பேரன்’ என்று இரண்டு தடவையாவது சொல்லாமல் வைக்கமாட்டாள். என் பேத்தி மட்டும் என்ன குறைந்துபோனாள்? தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இவள் என்னடாவென்றால், இங்கேயே இருந்து கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்கிறாள்.

இன்று அடுக்களையில் நின்று தோழியிடம் போனில் பேசினாள். என் காதுக்கு மாவுக்கட்டு போடவில்லை. “எல்லாம் எங்க வீட்டுப் பெருந்தாய் கைல இருக்குடி. பெருந்தாய் சொல்லிட்டா எங்கப்பா வாயத் தொறக்கமாட்டாங்க.”

பெருந்தாய்!

முகத்துக்கு நேரே முறைக்கிறாளே தவிர, முதுகுக்குப் பின்னால் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறாள். வளர்ப்பு அப்படி.

ஏப்ரல் 27, ஞாயிறு

மதினிக்குப் போன் போட்டேன். “ஒங்க பேத்தி எனக்கு என்ன பேரு வச்சிருக்கா தெரியுமா மதினி? பெருந்தாய்.” அவள் உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாளே, அவளை ஒரு பிள்ளை அப்படிக் கூப்பிட்டிருக்குமா?

மில்லை வாடகைக்கு எடுத்து நடத்துகிற தங்கமாரி பார்க்க வந்தான். அவனிடமும் சொன்னேன். “பொருத்தமான பேருதான், பெருந்தாயி” என்றான்.

சாயங்காலம் மிருதுளாவைப் பார்த்து, “ஏட்டி, பெருந்தாய் கூப்பிடுதேன், வெந்நி கொண்டா” என்றேன். அவள் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. வெட்கம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கரண்ட் இல்லை. கால் அரிக்கிறது. விசிறிக் காம்பை மாவுக்கட்டுக்குள் விட்டுச் சொறிந்தேன். பொழுது போகாமல் பீரோவைத் திறந்தேன். பிள்ளையைக் கெடுக்கிற புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதல் வரியே அசிங்கம். ‘வெளிக்குப் போன பதினோரு பேரில் நான்கு பேர்தான் உயிரோடு இருந்தார்கள்.’ வெளிக்குப் போனதற்கே ஏழு பேர் செத்துவிட்டார்களாம். காலராவா? அடுத்த பக்கத்தில் பழைய கதை ஓடுகிறது. தாரிகா என்ற பிள்ளை வெளிக்குப் போக மூன்று பேர் சேர்ந்து உடுப்பு மாட்டிவிடுகிறார்கள். முதுகில் ஒரு மூட்டை வேறு. கூடப் போகிறவன், வெளிக்குப் போய் என்னென்ன செய்யப்போகிறேன் என்று சபையில் எழுந்து நின்று விவரமாகச் சொல்கிறான். ஊரே கைதட்டுகிறது.

தமயந்தி பேங்க்கிலிருந்து வந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன். “ஒம்மக எந்த லெச்சணத்துல புத்தகம் படிக்கான்னு பாரு.”

அவள் படித்தாள். தோள் குலுங்கியது. “அத்த, அது அந்த வெளிக்கு இல்ல. அவங்க ஒரு மலைக்கு அடியில அடைஞ்சு கெடக்காங்க. வெளின்னா வெளி உலகம்.”

“வெளி உலகம்னு எழுதுனா கை சுளுக்கிருமா?”

“மொதல் பாகத்துலருந்து படிச்சாத்தான் புரியும் அத்த.”

ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்குப் புரியாது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

மே 2, வெள்ளி

மிருதுளா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போன நேரம், வாக்கரைப் பிடித்து நடந்து அவள் அறைக்குப் போய் நீலப் புத்தகத்தை எடுத்துவந்தேன். படிக்கிறதற்கு இல்லை. எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

மே 4, ஞாயிறு

உலகத்தில் காற்று கெட்டுப்போகிறது. மிச்சமிருக்கிற சனம் மலைக்கு அடியில் பெரிய குகை தோண்டி உள்ளே இருக்கிறது. எட்டுக் கதவு. எட்டாவது கதவைத் திறந்தால் வெளி. உள்ளே காற்றுக்குத் தட்டுப்பாடு. ஆகையால் பதினாறு வயசு ஆன பிள்ளைகளில் சிலரை, நல்ல இடம் தேடிவரச் சொல்லி வெளியே அனுப்புகிறார்கள். ஒருத்தரும் திரும்புவதில்லை.

கதையில் ஒருத்தி சோறு பொங்குவதாக எங்குமே வரவில்லை. அத்தனை பேரும் மாத்திரையைத் தின்கிறார்கள். எழுதினவன் ஆம்பிளைதான், சந்தேகமே இல்லை.

நாலாவது அத்தியாயத்தில் பெருந்தாய் வருகிறாள்! அவள் வந்ததும் சபையே எழுந்து நிற்கிறது. இதைப் படித்துத்தான் எனக்கு அந்தப் பேரை வைத்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். மிச்சத்தை நாளைக்குச் சாவகாசமாகப் படிக்க வேண்டும்.

மே 5, திங்கள்

படித்தேன்.

மே 6, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

பிள்ளைகளை வெளியே தள்ளுகிறவளே அந்தப் பெருந்தாய்தான். புத்தகத்தில் இருக்கிறதை அப்படியே எழுதுகிறேன். ‘“உன் நல்லதுக்குத்தான் அனுப்புகிறேன்” என்றாள் பெருந்தாய். சொல்லும்போது அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் இடுப்பிலிருந்த சாவியைப் பார்த்தாள்.’

சாவியை இடுப்பில் வைக்காமல் தெருவிலா வைப்பார்கள்?

சாயங்காலம் மிருதுளாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “பெருந்தாய்னா யாருட்டி?”

அவள் கட்டிலில் கிடந்த நீலப் புத்தகத்தைப் பார்த்தாள். “என் ரூமுக்குள்ள போனீங்களா?”

“ஒன் ரூமா? இந்த வீட்டுல ஒவ்வொரு செங்கலும் மாவு அரைச்சு வாங்கினது. கேட்டதுக்குப் பதில் சொல்லு. எவ்வளவு நாளா எனக்கு இந்தப் பேரு?”

“எட்டாங்கிளாஸ்ல இருந்து.”

“ஒன் அப்பனுக்குத் தெரியுமா?”

“அம்மாவுக்குத் தெரியும்.”

அடுக்களையில் மிக்சி ஓட ஆரம்பித்தது. உள்ளே அரைக்க ஒன்றும் இல்லை. மாவு அரைத்தவளுக்கு வெறும் மிக்சி ஓடுகிற சத்தம் தெரியாதா?

“நான் ஒனக்கு என்னட்டி கெடுதல் செஞ்சேன்?”

“நாலாவது அத்தியாயத்துல தாரிகாவும் இதத்தான் ஆச்சி கேக்கா. ‘நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்’னு.”

எழுந்து போய்விட்டாள்.

மே 7, புதன்

தங்கமாரி போன் போட்டு, “பெருந்தாயி சௌக்கியமா?” என்றான். வைத்துவிட்டேன்.

மே 10, சனி

சிவப்புப் புத்தகத்தையும் எடுத்துவந்தேன். திருடவில்லை. தமயந்தியை விட்டு எடுத்துவரச் சொன்னேன். மறுபேச்சு பேசாமல் எடுத்துவந்தாள். அந்த மிக்சிக்குப் பிறகு அவள் ரொம்ப அடக்கமாக இருக்கிறாள்.

அந்தப் பெருந்தாய் கெட்டவள் இல்லை என்று நிரூபிக்காமல் நான் விடப்போவதில்லை. எத்தனை பேர் உயிர் அவள் கையில் இருக்கிறது. காற்று குறைகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். பொறுப்பு எடுத்துக்கொள்கிறவளைத்தான் எல்லோரும் ஏசுவார்கள். மில்லில் நான் பார்க்காததா?

மே 13, செவ்வாய்

கோடன் என்று ஒரு பையன். தாரிகாவோடு வெளியே அனுப்பப்பட்டவன். வாயாடி, பயந்தாங்கொள்ளி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு மூட்டுவான். முதுகுப் பையில் காற்று தீர்ந்து, முகமூடியை அவிழ்க்கவும் பயந்து, திரும்பி வந்து எட்டாம் கதவைத் தட்டுகிறான். உள்ளே பெருந்தாய் நிற்கிறாள். சாவி கையில் இருக்கிறது. திறந்தால் கெட்ட காற்று உள்ளே வரும். திறக்கவில்லை. அவன் தட்டுகிறான். ரொம்ப நேரம் தட்டுகிறான். பிறகு தட்டவில்லை.

அவள் செய்ததுதான் சரி.

மத்தியானம் சாப்பிடவில்லை. கத்தரிக்காய் சரியாக வேகவில்லை.

மே 14, புதன்

மிருதுளாவே வந்து கேட்டாள். “கோடன் வந்த எடத்தப் படிச்சிட்டீங்களா?”

“படிச்சேன்.”

“இப்ப சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல? கதவத் தொறந்தா உள்ள உள்ளவ்வளவு பேரும் செத்துருவாங்களா இல்லையா? ஒரு உசுரா, ஊரு உசுரா?”

“செத்துருவாங்கன்னு யாரு சொன்னா?”

“பெருந்தாய் சொல்லுதாள்ல.”

“அவ பாத்தாளா? ஒரு தடவையாவது கதவத் தாண்டிப் போயிருக்காளா? அங்க காத்து எப்பிடி இருக்கு, தண்ணி எப்பிடி இருக்குன்னு அவளுக்கு என்ன தெரியும்?”

“பெரியவங்க சொல்லிக் கேள்விப்பட்டிருப்பா.”

“நீங்க அந்த ஸ்கூலப் பாத்திருக்கீங்களா ஆச்சி?”

“எந்த ஸ்கூல?”

“என்னைய அனுப்புறீங்களே, அந்த ஸ்கூல.”

நான் விளம்பரத் தாளில் படம் பார்த்திருக்கிறேன். வழவழவென்று தாள், வாசலில் பூச்செடி, வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள். அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். தூத்துக்குடியில் இத்தனை வருஷம் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறார்கள். யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட். பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். என் பேத்தி. எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி.

மே 19, திங்கள்

சொர்ணக்கிளி மதினி ரிசல்ட்டுக்குப் பாராட்ட வந்தாள். கையில் ஒரு டப்பா மக்ரூன். மக்ரூனுக்குப் பேர்போன தூத்துக்குடியில் இருக்கிறவளுக்கு நாசரேத்திலிருந்து அதையே வாங்கிவருகிற அறிவு அவளுக்குத்தான் உண்டு.

தலையணை மேல் கிடந்த சிவப்புப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தாள். “இம்புட்டுத் தடிப் புத்தகமா? எழுத்துக் கூட்டித்தான மதினி படிக்கிய?”

“ஆமா மதினி. நான் கூட்டுதேன். நீங்க கழிச்சுக்கிட்டே போங்க.”

அவள் சிரித்துக்கொண்டே பேரன் புராணத்தை எடுத்தாள். “நாமக்கல் பள்ளிக்கூடத்துல போட்டதுக்கப்புறம் பய அப்பிடியே மாறிட்டான். படிப்பு, படிப்பு. லீவு விட்டாக்கூட வீட்டுக்கு வரமாட்டான்னா பாத்துக்கோங்க. இந்தப் பொங்கலுக்கும் வரல. போன் பண்ணுனா ‘ம்’ங்கான், வச்சிருதான். அம்புட்டுக் கவனம்.”

“சின்ன வயசுல ஒங்க சேலைய விட்டு எறங்கமாட்டானே.”

“அதெல்லாம் அப்ப” என்றாள். மக்ரூன் டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள். மிருதுளா வாசல்நிலையில் சாய்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மக்ரூன் நமுத்திருந்தது.

மே 22, வியாழன்

கறுப்புப் புத்தகம் பாதி முடிந்தது. தாரிகா சாகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடையைக் கண்டுபிடித்திருக்கிறாள். முகமூடியை அவிழ்த்து முதல் தடவையாக மூச்சு விடுகிறாள். காற்று நன்றாகத்தான் இருக்கிறது. எவ்வளவோ காலமாக நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் கோடன்? அந்தப் பயலைக் கதவைத் தட்டவிட்டது எதற்கு?

நான் படிக்கும்போது என் உதடு அசையும். அதை மிருதுளா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பலகாரக் கடையைப் பார்க்கிற மாதிரி.

“தாரிகா உசுரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க.”

“ஹாஸ்டலுக்குப் போறேன்னு வாய் நெறையச் சொல்லு. புத்தகத்தையே தாறேன்.”

அவள் கண் சிவந்தது. “நீங்க நெசமாவே பெருந்தாய்தான்.”

“ஆமாட்டி. இருந்துட்டுப் போறேன்.”

மே 25, ஞாயிறு

ஜெயித்தேன். இன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, “சரி, போறேன். நாளைக்கழிச்சி புக்கக் குடுத்திரணும்” என்றாள். செந்தூர்பாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்கு வேண்டியது சண்டை முடிகிறது மட்டும்தான். தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். இந்தத் தடவை மிக்சி ஓடவில்லை.

தெருவில் மறுபடியும் ஒரு சுற்று சொல்லியனுப்பினேன்.

மே 26, திங்கள்

கடைசி அத்தியாயம் படித்தேன்.

பெருந்தாயை ஒருத்தரும் கொல்லவில்லை. வெளியே போன பிள்ளைகளெல்லாம் ஓடைக்கரையில் ஊர் அமைக்கிறார்கள். உள்ளே இருந்த சனமும் விஷயம் தெரிந்து ஒவ்வொருத்தராகக் கிளம்பிப் போகிறது. யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை, அவளிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவளே கடைசியில் எட்டாம் கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் உட்காருகிறாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். தூரத்தில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்கிறது. ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தோடு முடித்துவிட்டான்.

இவ்வளவு தடியாக மூன்று புத்தகம் எழுதத் தெரிந்தவனுக்கு ஒழுங்காக ஒரு முடிவு எழுதத் தெரியவில்லை.

பைண்டிங்கும் சரியில்லை. மூடும்போது கடைசி அத்தியாயம் மட்டும் மொத்தமாகக் கழன்று வந்துவிட்டது. இந்தக் காலத்தில் எதுதான் ஒழுங்காகச் செய்கிறார்கள்? தாளைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

மே 27, செவ்வாய்

புத்தகத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

“இது என்ன?”

“பைண்டிங் சரியில்லட்டி. கழண்டு வந்துட்டு.”

“கத்திரிக்கோலால கழண்டுச்சா?”

கூச்சல் போடுவாள், அழுவாள் என்று பார்த்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரொம்பப் பொறுமையாக யோசித்தாள்.

“பரவால்ல ஆச்சி. முடிவு என்னன்னு எனக்குத் தெரிஞ்சிட்டு.”

“என்ன தெரிஞ்சிட்டு?”

“பெருந்தாயக் கொன்னுருந்தா நீங்க கிழிச்சிருக்கமாட்டீங்க. எங்கிட்டக் காட்டி, ‘பாரு, எப்பிடிப்பட்ட பிள்ளைய’ன்னு சண்ட போட்டிருப்பீங்க. அவ ஜெயிச்சிருந்தாலும் கிழிச்சிருக்கமாட்டீங்க.” புத்தகத்தை மூடினாள். “அவங்க திரும்பி வரல. அப்படித்தான?”

ஐந்தாம் வகுப்பு படித்தவளின் பேத்திக்கு இவ்வளவு மூளை. டாக்டராகத்தான் வேண்டும்.

மே 29, வியாழன்

பெட்டி கட்டுகிறாள். துணிமணி சரி. சின்ன வயசில் வாங்கின பரிசுக் கோப்பையை எடுத்துவைக்கிறாள். சுவரில் ஒட்டியிருந்த படங்களை உரித்து எடுத்துச் சுருட்டிவைக்கிறாள். ஜன்னலில் தொங்கவிட்ட சிப்பி மாலையை அவிழ்த்துவைக்கிறாள். நீலம், சிவப்பு, முடிவில்லாத கறுப்பு, மூன்றும் அடியில். லீவுக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

“வெறும் ரூமா ஆக்கிட்டுப் போறியே” என்றேன்.

“ஒங்க ரூம்தான ஆச்சி. ஒவ்வொரு செங்கலும்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் பிடிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. வாக்கரை எடுத்துக் கொடுத்தாள். வெந்நி கொண்டுவந்து வைத்தாள். கேட்டதற்கெல்லாம் ‘ம்’ என்றாள்.

மே 30, வெள்ளி

காலையில் செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டேன். “ஏல, அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம்.”

அவன் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு நின்றான். “என்னம்மா சொல்லுதிய?”

“அங்க தண்ணி சரியில்லையாம். உப்புத் தண்ணியாம். பிள்ளைக்கு முடி கொட்டிரும்.”

“தூத்துக்குடில இருந்துக்கிட்டு உப்புத் தண்ணியப் பத்திப் பேசுதிய? வண்டிக்கெல்லாம் சொல்லியாச்சு. ஊரெல்லாம் நீங்கதான சொன்னிய!”

“நான்தான் சொன்னேன். நானே இல்லங்கேன். இங்கனயே சேத்துவிடு. கம்ப்யூட்டரோ கருமமோ, அவ கேக்கதுல சேத்துரு.”

தமயந்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நெசமாவா அத்த?”

“நீ உள்ள போயி மிக்சியப் போடு.”

உள்ளே போய் நிஜமாகவே போட்டாள். சிரிக்கிற சத்தம் அதையும் மீறிக் கேட்டது.

மிருதுளா அறைக்குள்ளிருந்து வரவே இல்லை. ஒரு நன்றியாவது சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவே இல்லை.

மே 31, சனி

மதினியிடம் நானே போனில் சொன்னேன். “உப்புத் தண்ணியா? எங்க பேரனுக்கு ஒண்ணும் செய்யலியே” என்றாள். பிறகு மெதுவாக, “நல்லதுதான் மதினி” என்றாள். ஏதாவது குத்திப் பேசுவாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். வீணாய்ப் போயிற்று.

ஜூன் 1, ஞாயிறு

சாயங்காலம் மிருதுளா வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். கையை நீட்டினாள். எதைக் கேட்கிறாள் என்று நானும் கேட்கவில்லை. தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் கசங்கியிருந்தது. எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். என் கால்மாட்டிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

அவள் உதடு அசையவில்லை. இருந்தாலும் எந்த வரியில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஓடைக்கரைக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. சனங்கள் கிளம்புகிற இடத்தில் வேகமாகப் புரட்டினாள். வாசலில் பெருந்தாய் உட்காருகிற பக்கத்துக்கு வந்ததும் நான் தெருவைப் பார்த்தேன்.

தாள்களைத் தட்டி அடுக்கினாள். “இவளுக்கு இது பத்தாது” என்றாள்.

“யாருக்கு?”

“பெருந்தாய்க்குத்தான். கோடன அந்தப் பாடுபடுத்திட்டு, நல்லா வாசல்ல காத்தாட ஒக்காந்திருக்கா. ஒரு அடிகூட விழல.”

“அடி விழுந்திருந்தாத் தேவலன்னுதான் அவ நெனைச்சிருப்பா.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “புக்குல அப்பிடி ஒண்ணும் போடலியே?”

“போடல” என்றேன். “எழுதுனவனுக்கு என்னட்டி தெரியும்?”